விட்டுக்கொடுக்க மனம் வராத நாடு

"படம்தான் மாறுகிறது, ஆட்டம் ஒன்றுதான்." ரிஸ்க் என்ற, உலகத்தைப் பிடிக்கும் பலகை ஆட்டத்தின் புதிய பெட்டி எது வீட்டுக்குள் வந்தாலும் என் அண்ணன் சொல்லும் வாக்கியம் இது. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார் என்பதால் சுலபமாக மறுக்கவும் முடியாது. மூன்று பகடையோடு தாக்குகிறவன், இரண்டு பகடையோடு தடுக்கிறவன், சமமாக விழுந்தால் தடுக்கிறவனுக்கே வெற்றி. பலகையில் வரைந்திருப்பது ஐரோப்பாவாக இருந்தாலும் விண்மீன் மண்டலமாக இருந்தாலும் அந்தப் பகடைகள் 7776 விதமாகத்தான் விழ முடியும். அவற்றில் 2890 விதங்களில் தடுக்கிறவன் இரண்டு படைகளை இழக்கிறான், 2275 விதங்களில் தாக்குகிறவன் இரண்டை இழக்கிறான், மீதியில் ஆளுக்கு ஒன்று. பெரும்படையோடு தாக்குகிறவனுக்குச் சிறிய சாதகம் உண்டு என்று இந்தக் கணக்கு சொல்கிறது. கதைகளில் வரும் ஆர்க் அரக்கர்களும் விண்வெளி வீரர்களும் இதை மாற்றிவிட முடியாது.

கணக்கு சரிதான். ஆனால் முடிவோடு என்னால் ஒத்துப்போகவே முடியவில்லை. ஒரே பகடை, ஒரே விதி என்றாலும் ஒரு பெட்டியைத் திறந்து ஆடும்போது மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களின் குரல் ஒரு மாதிரி இருக்கிறது. இன்னொரு பெட்டியில் வேறு மாதிரி இருக்கிறது. சிலவற்றில் மூன்று மணி நேரம் ஆடிவிட்டு அப்படியே மடித்து வைத்துவிடுகிறோம். வேறு சிலவற்றில் மறுநாள் காலைக் காப்பி வரைக்கும் சண்டை தொடர்கிறது. இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் பல வருடங்களாக என்னைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி. ஒவ்வொரு பதிப்பையும் ஆடி முடித்த பிறகு நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று: இந்தப் பலகையில், பிடித்து வைப்பதால் லாபமில்லை என்று தெரிந்தும் யாராவது எந்த இடத்தையாவது விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்களா?

இந்தியா என்ற மோசமான இடம்

பழைய உலக வரைபடப் பெட்டியில் இருந்து தொடங்குகிறேன். பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் ஆல்பெர் லாமோரிஸ் உருவாக்கி 1957 இல் பிரான்ஸில் வெளிவந்த ஆட்டம் இது. பாரிஸ் தெருக்களில் ஒரு சிறுவனையும் அவனை விடாமல் தொடரும் சிவப்புப் பலூனையும் வைத்து அவர் எடுத்த குறும்படத்துக்கு ஆஸ்கர் கிடைத்த அதே காலகட்டம். அவ்வளவு மென்மையான படத்தை எடுத்தவரின் கையிலிருந்து உலகத்தையே பிடிக்கும் ஆட்டம் ஒன்று வந்தது என்பதை எப்போது நினைத்தாலும் எனக்கு வியப்புதான். 1959 இல் பார்க்கர் பிரதர்ஸ் அதை அமெரிக்காவில் ரிஸ்க் என்ற பெயரில் வெளியிட்டது. 42 நாடுகள், ஆறு கண்டங்கள் என்று நம்மில் பெரும்பாலோர் ஆடியது அந்த வரைபடத்தில்தான்.

அந்த வரைபடத்தில் இந்தியா எவ்வளவு மோசமான இடம் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். மத்திய கிழக்கு, ஆப்கானிஸ்தான், சீனா, சயாம் என்று நான்கு பக்கமும் வாசல். ஆசியாவை முழுதாகப் பிடித்தால் சுற்றுக்கு ஏழு படை கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் 12 நாடுகளைப் பிடித்து ஒரு சுற்று தாக்குப்பிடிப்பதற்குள் எல்லாத் திசையிலிருந்தும் ஆட்கள் வந்துவிடுவார்கள். விவரம் தெரிந்தவன் ஆஸ்திரேலியாவுக்குப் போவான். நான்கே நாடுகள், இந்தோனேசியா என்ற ஒரே வாசல், சுற்றுக்கு இரண்டு படை. இல்லையென்றால் தென் அமெரிக்கா. அங்கேயும் நான்கு நாடுகள்தான், வெனிசுவேலா, பிரேசில் என்று இரண்டு வாசல். இவ்வளவு தெரிந்தும் எங்கள் வீட்டு மேசையில் முதலில் காய் விழும் இடம் எப்போதும் இந்தியாதான். சின்னவர்கள் யாராவது புதிதாக ஆட உட்கார்ந்தால் அவர்களுடைய முதல் கேள்வியே "இந்தியா யாருக்கு?" என்பதுதான். அங்கே ஐந்து படையை வைப்பார்கள். இரண்டாவது சுற்றில் சீனாவில் இருந்து அடி விழும். ஆட்டம் தோற்றாலும் பரவாயில்லை என்று மிச்சமிருக்கும் படையையெல்லாம் திரட்டிக்கொண்டு திரும்பிப் பிடிக்கப் போவார்கள்.

அண்ணன் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கோ இந்த ஆட்டத்தின் உயிரே அங்கேதான் இருப்பதாகப் படும். லாமோரிஸின் பலகை யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. உலக வரைபடத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் பார்த்த எல்லோருக்கும் அதில் ஒரு சொந்த இடம் இருக்கிறது. வரைபடம் துல்லியமானதும் இல்லை. 1949 முதல் உலகம் தாய்லாந்து என்றே அழைக்கும் நாடு, எட்டு வருடம் கழித்து வந்த இந்தப் பலகையில் சயாமாகவே இருக்கிறது. எங்கள் பலகையில் உக்ரைன் என்ற ஒரே நாடு ஐரோப்பிய ரஷ்யாவின் பெரும் பகுதியையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. கம்சட்கா என்ற பெயரையே இந்த ஆட்டத்தால்தான் நானும் என் தலைமுறையில் பலரும் கற்றுக்கொண்டோம். அங்கிருந்து ஒரு கோடு கடலைத் தாண்டி அலாஸ்காவுக்குப் போகிறது என்று தெரிந்த நாளில், உலகம் உருண்டை என்பது முதன்முறையாக எனக்கு உறைத்தது. அந்தப் பலகை ஆடுகிறவனுக்குத் தரும் பிடிப்பு இலவசம். ஆகவே புதுப் பதிப்பு ஒவ்வொன்றும் உலக வரைபடத்தைத் தூக்கி எறியும்போது அந்தப் பிடிப்பையும் சேர்த்தே எறிகிறது. பதிலுக்கு என்ன தருகிறது என்று பார்த்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

வளையம் நகரும் பலகை

டோல்கியனின் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் கதையை வைத்து வந்த பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இதில் இரண்டு பெட்டிகள் உண்டு. 2002 இல் வந்ததில், கதை நடக்கும் மிடில் எர்த் என்ற உலகத்தின் தென்பகுதி இல்லை. கோண்டோர், மோர்டோர் என்ற நாடுகள் பலகைக்கு வெளியே நின்றுவிட்டன. மறுவருடம் மூன்று பாகத்துக்குமான பெட்டி வந்தபோதுதான் முழுப்படமும் கிடைத்தது. காய்கள் அழகானவை. நல்லவர்கள் பக்கம் எல்ஃப் வில்லாளிகள், ரோஹன் குதிரைவீரர்கள், கழுகுகள். தீயவர்கள் பக்கம் ஆர்க்குகள், கறுப்புக் குதிரைவீரர்கள், குகைப் பூதங்கள். இவையெல்லாம் அண்ணன் சொல்லும் 'படம்' கணக்கில் சேரும். ஒரு காய் எத்தனை படைக்குச் சமம் என்ற எண் சற்று மாறியிருக்கலாம். வேலை பழைய பெட்டியின் அதே காலாள், குதிரை, பீரங்கியின் வேலைதான்.

இந்தப் பெட்டியில் வேறொன்றும் இருக்கிறது. விரலில் மாட்டிக்கொள்ளும் அளவில் ஒரு பொன்னிற வளையம். கதையில் எரிமலைக்குக் கொண்டுபோய் அழிக்க வேண்டிய அதே வளையம். கதை நாயகனின் ஊரான ஷையரில் இருந்து புறப்பட்டு, ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் முறையை முடிக்கும்போது ஒரு பகுதி முன்னே நகர்கிறது. சில இடங்களில் பகடை உருட்டி, எண் சரியாக விழுந்தால்தான் நகரும். எரிமலையை எட்டி அதற்கப்பால் நகர்ந்ததும் ஆட்டம் முடிந்தது. அந்த நொடியில் யாரிடம் எத்தனை பகுதி, எத்தனை கோட்டை என்று எண்ணிப் புள்ளி போட வேண்டியதுதான்.

ரிஸ்க்கின் பெரிய குறையே அதன் கடைசி ஒன்றரை மணி நேரம். யார் வெல்லப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் பகடை உருண்டுகொண்டே இருக்கும். தோற்றவர் எழுந்து போய் தொலைக்காட்சி பார்ப்பார். மூன்று சீட்டைக் கொடுத்து வாங்கும் கூடுதல் படை நான்கு, ஆறு, எட்டு என்று தொடங்கிப் பதினைந்தைத் தாண்டி ஐந்து ஐந்தாக ஏறிக்கொண்டே போகும். வளையம் அந்த ஒன்றரை மணி நேரத்தைச் சுத்தமாக அறுத்துவிடுகிறது. என்னைக் கவர்ந்தது அதையும் தாண்டிய ஒன்று. படைகள் எல்லாம் கூச்சலிட்டுக்கொண்டு சண்டை போட, அந்தச் சண்டைக்குச் சம்பந்தமே இல்லாததுபோல ஒரு சிறிய வளையம் பகுதி பகுதியாகக் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. கதையைத் தெரிந்தவர்களுக்கு இது சுருக்கென்று தைக்கும். கதையின் வடிவமே விதியாக மாறிவிட்டது. இந்த இடத்தில் 'படம்தான் மாறுகிறது' என்ற வாதம் நிற்காது.

ஷையரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வளையம் கிளம்பிப் போன பிறகு அந்த மூலைக்கு எந்த அவசரமும் இல்லை. ஆனாலும் அண்ணன் மகள் அங்கே எப்போதும் மூன்று வில்லாளிகளை நிறுத்தி வைத்திருப்பாள். "ஆர்க் உள்ளே வரக்கூடாது சித்தப்பா" என்பாள். இந்தியாவில் ஐந்து படை வைக்கும் அதே மனம். கதையைப் படித்த ஒரு குழந்தைக்கு அந்தப் பதிப்பு ஒரு சொந்த ஊரைக் கொடுத்துவிட்டது. படிக்காத என் அண்ணிக்கு அது வெறும் பச்சை நிறத் திட்டு. மூன்றாவது சுற்றிலேயே பூதங்களோடு அங்கே நுழைந்துவிட்டார்.

மற்றவற்றை விரைவாகக் கடந்துவிடுகிறேன். 2001 இல் வந்த ரிஸ்க் 2210 ஏ.டி. விதிகளில் மிகவும் துணிச்சலானது. நிலாவுக்குத் தனிப் பலகை, கடலுக்கடியில் குடியிருப்புகள், தளபதிகளுக்கு எட்டு முகப் பகடை, அணுப் பேரழிவால் நான்கு நாடுகள் தொடக்கத்திலேயே ஆடுகளத்திலிருந்து நீக்கம், ஐந்தே சுற்றில் முடிவு. அறிவுக்கு நல்ல தீனி. நிலாவுக்காக யாரும் உணர்ச்சிவசப்பட்டு நான் பார்த்ததில்லை. 2004 இன் காட்ஸ்டார்ம் பழங்காலக் கடவுள்களைக் களமிறக்குகிறது. செத்த படைகள் பாதாளத்துக்குப் போய் அங்கேயும் சண்டையைத் தொடர்வது அருமையான கற்பனை. 2006 இல் வந்த ஸ்டார் வார்ஸ் பதிப்பில் பேரரசு வெல்வதற்குக் கிளர்ச்சியாளர்களைத் துடைத்தெறிய வேண்டும். கிளர்ச்சியாளர்கள் வெல்வதற்குப் பேரரசரைத் தேடிக் கொல்ல வேண்டும். ஒரே பலகையில் இரண்டு பேர் இரண்டு வெவ்வேறு போர்களை நடத்துவது எனக்கு மிகவும் பிடித்தது. 2015 இன் கேம் ஆஃப் த்ரோன்ஸ் பெட்டி கனமானது, சிற்பவேலை பிரமாதம். ஆனால் அதன் எளிய விதிகளில் ஆடினால், சீட்டுக்கட்டின் பின்பாதியில் ஒளிந்திருக்கும் வலார் மொர்குலிஸ் என்ற ஒரே சீட்டு வந்து ஆட்டத்தை முடிப்பதைத் தவிர, அண்ணன் சொல்வதை மறுக்க என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

கல்லிடைக்குறிச்சி

எங்களுக்குள் இந்த வழக்கு ஒருவழியாக அசைந்தது ரிஸ்க் லெகசியில்தான். ராப் டேவியோவும் கிரிஸ் டுபுயியும் வடிவமைத்து 2011 இல் வந்தது. பலகை மறுபடியும் உலக வரைபடம். ஆனால் ஒவ்வொரு ஆட்டமும் அதில் அழியாத தடம் பதிக்கிறது. பதினைந்து ஆட்டங்கள் தொடர்ச்சியாக ஆட வேண்டும். வென்றவர் பலகையிலேயே கையெழுத்திடுவார். நாடுகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டலாம்: ஓரிடத்தில் ஒட்டினால் தடுப்பவருக்குப் பகடையில் ஒன்று கூடும், இன்னொன்றை ஒட்டினால் ஒன்று குறையும். அது அந்த ஆட்டத்தோடு போய்விடாது. பலகை இருக்கும்வரை இருக்கும். சில சீட்டுகளைக் கிழித்துக் குப்பையில் போடச் சொல்கிறது. முதன்முதலாக ஒரு சீட்டைக் கிழிக்க வேண்டி வந்தபோது அண்ணி முடியவே முடியாது என்று கையில் வைத்துக்கொண்டார். காசு கொடுத்து வாங்கிய பொருளை நம் கையாலேயே கிழிப்பதா என்ற அவருடைய கோபம் நியாயமானதுதான். கடைசியில் அண்ணன்தான் வாங்கிக் கிழித்தார்.

அண்ணன் மகள் வென்ற ஓர் ஆட்டத்தின் முடிவில் அவளுக்குப் பெருநகரம் ஒன்றை நிறுவும் உரிமை கிடைத்தது. பெரு நாட்டைத் தேர்ந்தெடுத்தாள். வட்டமான ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, அழியாத மையால் பெயர் எழுத வேண்டும். பாட்டி ஊரின் பெயரை எழுதினாள்: கல்லிடைக்குறிச்சி. அந்தச் சின்ன இடத்தில் அவ்வளவு நீளமான பெயர் அடங்கவில்லை. 'கல்லிடை' மேல் வரியில் உட்கார்ந்தது. 'க்குறிச்சி' கீழே வளைந்து, 'றி'யின் சுழி பசிபிக் கடலுக்குள் இறங்கி, 'ச்சி' கொஞ்சம் கலைந்து நின்றது. கலைந்தது கலைந்ததுதான், திருத்த முடியாது. தாமிரபரணிக் கரையில் இருக்க வேண்டிய ஊர் ஆண்டிஸ் மலையில் ஏறிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த ஆட்டங்களில் ஒன்றைத்தான் சொல்ல வருகிறேன். லெகசியில் உலகம் முழுவதையும் பிடிக்க வேண்டியதில்லை. நான்கு சிவப்பு நட்சத்திரம் சேர்த்தால் போதும். எதிராளியின் தலைமையகத்தைப் பிடித்தால் ஒன்று கிடைக்கும். அன்று அண்ணனிடம் மூன்று இருந்தன. என்னுடைய தலைமையகம் வட ஆப்பிரிக்காவில். அவருடைய பெரிய படை பெருவில். பெருவிலிருந்து பிரேசில், பிரேசிலில் இருந்து கடலைத் தாண்டினால் நான். இரண்டே தாவல். பிரேசிலில் அண்ணியின் ஒற்றைப் படை. என்னிடம் ஏழு. அண்ணனிடம் பதினான்கு. அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் பெருவில் விதிப்படி விட வேண்டிய ஒரே ஒரு படையை விட்டுவிட்டுப் பதின்மூன்றோடு கிளம்புவார்கள். ஏனென்றால் வட ஆப்பிரிக்கா விழுந்த கணமே ஆட்டம் முடிந்துவிடும். பின்னால் யாராவது வந்து பெருவைப் பிடிப்பார்களே என்ற பேச்சுக்கே இடமில்லை.

அண்ணன் பிரேசிலை அடித்தார். படையை நகர்த்தும் நேரம் வந்தபோது கொஞ்சம் யோசித்துவிட்டுப் பெருவில் நான்கை நிறுத்தினார். வெனிசுவேலாவில் அவருடைய மகளின் படை பெரிதாக நின்றிருந்தது. பிரேசிலிலும் ஒன்றை விட வேண்டும் அல்லவா? ஆக என்மேல் இறங்கியது ஒன்பது. முதல் உருட்டலில் நான் இரண்டை இழந்தேன். அடுத்ததில் ஆளுக்கொன்று. பிறகு எனக்கு இரண்டு ஆறுகள் ஒன்றாக விழுந்தன. அவர் இரண்டை இழந்தார். அப்படியே தேய்ந்து தேய்ந்து, கடைசியில் என்னிடம் இரண்டு படை மிஞ்சியிருந்தபோது தாக்க அவரிடம் ஆள் இல்லை. கல்லிடைக்குறிச்சியில் நிறுத்திய நான்கில் மூன்று கூட வந்திருந்தால் என் கதை முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். மறுசுற்றில் அண்ணி வென்று கையெழுத்திட்டார்.

"ஏன் அப்பா நான்கு பேரை அங்கே விட்டீர்கள்? வென்றால் அங்கேயே ஆட்டம் முடிந்திருக்குமே" என்று மகள் கேட்டாள். விதி புரியாமல் செய்திருப்பாரோ என்ற சந்தேகம் அவளுக்கு.

"தெரியும்" என்றார் அண்ணன். "பேரை எழுதி வைத்திருக்கிறாய். ஒற்றை ஆளை நிறுத்திவிட்டு ஊரைப் போட்டுவிட்டுப் போகவா சொல்கிறாய்?"

இந்தியாவில் ஐந்து படை வைப்பவர்களைப் பார்த்து ஆயுள் முழுக்கத் தலையில் அடித்துக்கொண்ட மனிதர். எந்தப் பதிப்பின் ஓவியமும் சிற்பமும் அவரை ஒரு படையைக்கூட வீணாக்க வைத்ததில்லை. ஒரு குழந்தையின் கோணலான கையெழுத்து நான்கை நிறுத்த வைத்துவிட்டது. ஒரு ஆட்டம் தன் பலகையின்மேல் நம்மைப் பாசம் வைக்கச் செய்ய மூன்று வழிகள் இருக்கின்றன என்று அன்றைக்கு எனக்குத் தெளிவாயிற்று. பழைய ரிஸ்க்கைப் போல நாம் பிறந்த உலகத்தையே பலகையாக விரிக்கலாம். வளையப் பதிப்பைப் போல நாம் ஏற்கெனவே நேசிக்கும் கதையிலிருந்து கடன் வாங்கலாம்; அந்தக் கடன் கதை தெரிந்தவர்களிடம் மட்டுமே செல்லும். மூன்றாவது வழி லெகசியுடையது: பேனாவை நம் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. இந்த மூன்றில் ஒன்றும் இல்லாத பெட்டிகளைப் பற்றி அண்ணன் சொல்வதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அவை படம்தான்.

லெகசியின்மேல் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. பதினைந்து ஆட்டத்துக்கும் அதே நால்வர் கூடினால்தான் அதன் முழுச் சுவை. பள்ளித் தேர்வு, வெளியூர் வேலை என்று ஒரு குடும்பத்தில் இது நடப்பது அரிது. எங்களுடைய தொடரும் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. முடிந்த பிறகும் அந்தப் பலகையில் தொடர்ந்து ஆடலாம், ஆனால் வேறொரு குடும்பத்துக்கு அதை எடுத்துக் கொடுக்க முடியாது. எங்கள் ஊர்ப் பெயர் எழுதிய பெருவை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்? பழைய ரிஸ்க் பலகையோ கைமாறிக் கைமாறி எத்தனை வீடுகளுக்கும் போகலாம்.

முதன்முதலில் வாங்குகிறவர்கள் எதை வாங்குவது என்று கேட்டால், உலக வரைபடம் போட்ட சாதாரணப் பெட்டியைத்தான் சொல்வேன். முடிந்தால் 2008 இன் திருத்தப் பதிப்பு. அதில் உலகத்தையே பிடிக்காமல் மூன்று இலக்குகளை எட்டியும் வெல்லலாம் என்பதால் இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடியும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் வீட்டில் இருந்து, மேசையைச் சுற்றி அதே முகங்கள் தொடர்ந்து கூடும் என்ற நம்பிக்கையும் இருந்தால் லெகசி. வளையப் பதிப்பைப் பழைய பொருள் விற்பவர்களிடமும் தேடலாம். வாங்கும்போது பெட்டியின்மேல் மூன்று பாகத்துக்குமான பதிப்பு என்று இருக்கிறதா என்று பாருங்கள், மோர்டோர் அதில்தான் இருக்கிறது. மூடியைத் திறந்து வளையம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சின்னப் பொருள், சுலபமாகத் தொலையும். அது இல்லையென்றால் அந்தப் பெட்டிக்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டாம்.